லைன், லயன், லயம்

ஆங்கில அகராதியைப் புரட்டுவோர் ஒன்றைக் காண்பர். பக்கம் பக்கமாக இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவை அருஞ்சொற்கள் அல்ல. பள்ளியின் முதல் வகுப்புப் பிள்ளையும் அறிந்த சின்னஞ்சிறு சொற்களே. அவற்றுள் ஒன்று ‘லைன்’. ஆளிச் செடியைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. அச்செடியின் நாரில் திரித்த நூலே அதன் முதற்பொருள். லினன் என்னும் துணிப்பெயரும் அதன் உடன்பிறப்புத்தான். நூல் இழுத்துக் கட்டினால் கோடாயிற்று. கோடு காகிதத்தில் விழுந்தால் எழுத்தின் வரியாயிற்று. பாட்டில் அடி, நாடகத்தில் நடிகன் பேசும் பேச்சு, மீன்காரன் கையில் தூண்டிற் கயிறு, புழக்கடையில் துணி உலர்த்தும் கொடி, முகத்தில் மூப்பின் சுருக்கம், குடும்பத்தில் கால்வழி, போரில் படையணி, வணிகத்தில் ஒருவன் ஈடுபட்ட துறை, கப்பலோட்டிக்கு நிலநடுக்கோடு, ரயில் ஓடும் பாதை, தொலைபேசியின் இணைப்பு, சினிமாக் கொட்டகை வாசலில் நுழைவுச்சீட்டுக்காக நிற்கும் மக்கள் வரிசை ஆகிய அனைத்திற்கும் ஆங்கிலேயனிடம் இருப்பது அந்த ஓரசைச் சொல் ஒன்றே.

தமிழ் இவ்வேலையைப் பலருக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. கோடு, வரி, அடி, அணி, நிரை, வரிசை, கொடி, வழி, துறை எனத் தனித்தனியே ஆள் வைத்திருக்கிறது. இதைக்கொண்டு தமிழ் வளமானது, ஆங்கிலம் வறியது என்று மார்தட்டுவார் உண்டு. அது பொருந்தாது. தமிழ்ச் சொற்களும் தத்தம் வேலையோடு நின்றுவிடவில்லை. ‘வரி’ என்பது புலியின் உடலிலும் உண்டு, அரசினரின் கணக்கிலும் உண்டு, சிலப்பதிகாரத்துக் கானல்வரியிலும் உண்டு. ‘கோடு’ இன்னும் வேடிக்கையானது. மலையின் முகடும் கோடு, யானையின் கொம்பும் கோடு, மரத்தின் கிளையும் கோடு. கோடுதல் என்றால் வளைதல். செங்கோல் கோடாதிருக்க வேண்டும் என்று மன்னர்க்கு அறிவுரை கூறிய மொழி, நேராக இழுத்ததற்கும் அதே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறது. கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் ‘நேர்கோடு’ என்று எழுதும்போது நேரும் வளைவும் ஒரே சொல்லில் கைகோத்து நிற்பதை மாணவர் எவரும் கேள்வி கேட்பதில்லை. பழகிய சொல்லை மக்கள் ஆராய்வதில்லை, வழங்குகிறார்கள், அவ்வளவே.

இத்துணைச் சொல்வளம் கையிலிருந்தும் ‘லைன்’ தமிழுக்குள் நுழைந்தது. நுழைந்த பிறகு ஆங்கிலேயன் அறியாத பொருள்களையும் தேடிக்கொண்டது. தமிழகத்தில் மின்கம்பம் ஏறுகிறவர் லைன்மேன். காவலர் குடியிருப்பு போலீஸ் லைன். ஒரே சுவரை இருபுறமும் பகிர்ந்துகொள்ளும் வாடகை வீடுகள் லைன் வீடு. ஒருவர் செய்யும் தொழிலை விசாரிக்க ‘அவர் என்ன லைன்?’ என்பர். இளைஞன் ஒருவன் ஒரு பெண்ணின் பின்னே சுற்றினால் ‘லைன் அடிக்கிறான்’ என்பர். இப்பொருளை எந்த ஆங்கிலேயனிடம் கேட்டாலும் விழிப்பான். திரைப்படக் கதை சொல்லச் செல்பவர் கையில் ‘ஒன்லைன்’ வைத்திருக்கிறார். மலேசியாவிலோ கைப்பேசியில் அலை கிடைக்காவிட்டால் தமிழர், மலாய்க்காரர், சீனர் என்ற வேறுபாடின்றி எல்லாரும் லைன் இல்லை என்றே சொல்கின்றனர். ரயில் நிலையத்தில் பிறந்த ‘லைன் கிளியர்’ என்ற தொடர், மேலாளர் வெளியே போய்விட்டார் என்பதைத் தெரிவிக்கும் குறிப்பாகவும் இந்நாட்டில் வழங்குகிறது.

இவையெல்லாம் பேச்சில் மிதந்து செல்லும் சொற்கள். இன்று இருக்கும், நாளை போகும். ஆனால் ஒரு ‘லைன்’ மட்டும் தமிழில் வேர்விட்டது. அது தோட்டத்து லைன். மலாயாவிலும் இலங்கையிலும் தொழிலாளர் குடியிருப்பை வெள்ளை முதலாளிகள் ‘கூலி லைன்ஸ்’ என்றழைத்தனர். அத்தொடரின் முற்பாதி தமிழ்க் கூலியே என்பார் பலர். பிற்பாதி ஆங்கிலம். உழைப்பின் பெயரைத் தமிழரிடமிருந்து பெற்றுக்கொண்டு, உறைவிடத்தின் பெயரைத் தமிழருக்குக் கொடுத்தனர் என்று இதனை வேடிக்கையாகச் சொல்லலாம்.

அச்சொல் தமிழர் வாயில் பட்ட பாட்டை இலக்கணம் கற்றவர் உவகையோடு நோக்கலாம். லைன் முதலில் லயன் ஆயிற்று. இலங்கை மலையகத்தில் இன்றும் லயன் என்னும் வடிவம் வழங்குகிறது. லயன் பின்னர் லயம் ஆயிற்று. நிலம் நிலன் ஆவதும், முகம் முகன் ஆவதும், அறம் அறன் ஆவதும் கடைப்போலி என மாணவர்க்குக் கற்பிக்கப்படுகிறது. ஏட்டையே தொட்டிராத மரம் வெட்டுந் தொழிலாளி, அதே வழியில் மறுதிசையாக நடந்து, னகரத்தை மகரமாக்கினான். மகரமாக்கியதோடு நிற்கவில்லை. மரம் மரத்து ஆவதுபோல் லயம் லயத்து ஆயிற்று. லயத்து வீடு, லயத்துக் குழாயடி, லயத்துப் பிள்ளைகள், லயத்துக்காடு. அத்துச் சாரியை பெற்ற அயற்சொல் இனி அயற்சொல் அன்று. அதற்குத் தமிழ் குடியுரிமை வழங்கிவிட்டது எனலாம். அதைப் பெறுவதற்கு அச்சொல் எந்த அலுவலகத்திலும் காத்து நின்றதில்லை.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகிறது. தமிழில் முன்னரே ஒரு லயம் இருக்கிறது. வடமொழி வழிவந்த அது இசையில் கால அளவையும், ஒடுக்கத்தையும் குறிப்பது. குதிரை கட்டும் லாயமும் அண்டையில் நிற்கிறது. லகரம் மொழிக்கு முதலில் வாராது என்ற விதியைக் கருதிச் சிலர் தோட்டத்து லயத்தையும் ‘இலயம்’ என்று எழுதுகின்றனர். விதி காப்பாற்றப்படுகிறது, பொருள் கெடுகிறது. ‘அவன் இலயத்தில் பிறந்தான்’ என்று படிக்கும் வாசகன் அவனைப் பிறவிப் பாடகன் என்று கருதினால் குற்றம் யாருடையது? வேறு சிலர் அச்சொல்லையே விலக்கி வரிசை வீடு, தொடர் வீடு என்று எழுதுகின்றனர். தூய தமிழ் மீது அவர்கள் கொண்ட பற்று போற்றற்குரியது. அப்பற்று இல்லாதிருந்தால் இந்நாட்டில் தமிழ்ப்பள்ளிகளின் பாடநூல்கள் என்ன மொழியில் இருந்திருக்குமோ! ஆயினும் இந்த ஒரு சொல்லில் அவர்களோடு உடன்பட இயலவில்லை. காரணம் சொல்லியாக வேண்டும்.

தோட்டத் தமிழர் சொல்லுக்குப் பஞ்சப்பட்டு லைனைக் கடன் வாங்கவில்லை. ரப்பர் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசைக்கு அவர்கள் இட்ட பெயர் நிரை. பேச்சில் அது நெரை ஆகியிருக்கலாம். ஆயினும் ஆநிரை கவர்ந்த வெட்சி மறவர் வாயிலும், யாப்பிலக்கணத்து நிரையசையிலும் வாழும் அதே சொல்தான் அது. இலங்கைத் தேயிலை மலையிலும் கொழுந்து பறிப்பவர்கள் நிரை பிடித்தே ஏறுகின்றனர். மரத்தின் வரிசைக்குச் சங்ககாலச் சொல்லை எடுத்துக் கொடுக்கத் தெரிந்த மக்கள், தாம் படுத்துறங்கும் வரிசைக்கு மட்டும் முதலாளியின் சொல்லை ஏன் வைத்துக்கொண்டனர்? மரம் அவர்கள் கையால் வளர்ந்தது; எந்த நிரையில் எந்த மரம் பால் மிகுதியாகக் கொடுக்கும் என்பதும் அவர்கள் அறிவே. லயமோ அவர்களுடையதாக ஒருநாளும் இருந்ததில்லை. வேலை இருக்கும்வரை இருப்பு. வேலை போனால் சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். ஆகவே பெயரையும் உடைமைக்காரனுக்கே விட்டுவைத்தனர் போலும்.

அதே மக்கள் வாயில் ‘வீடு’ என்ற சொல்லும் வழங்கியது. அதை மறைத்துவிட்டு வாதம் செய்தல் நேர்மையாகாது. வேலை முடிந்தால் ‘வீட்டுக்குப் போகிறேன்’ என்றுதான் சொன்னார்கள்; லயத்துக்குப் போகிறேன் என்றும் சொன்னார்கள். கூர்ந்து நோக்கினால் இரண்டிற்கும் வேறுபாடு புலனாகும். அடுப்பும் தொட்டிலும் சாமிபடமும் இருக்கும் உட்புறம் வீடு; கூரையும் தூணும் சுண்ணாம்பும் எண்ணும் லயம். முன்னது பெண்கள் ஆக்கியது, பின்னது தோட்ட நிருவாகம் கட்டியது. லயத்து வீடு என்ற கூட்டுச்சொல்லில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்திருக்கின்றன. தொடர் வீடு என்று மாற்றினால் அமைப்பு விளங்கும். அந்த இரட்டைநிலை மறைந்துவிடும்.

‘லைன்’ எங்கிருந்து தோட்டத்திற்கு வந்தது என்பதையும் எண்ண வேண்டும். படைவீரர் கூடாரங்களும் குடில்களும் வரிசையாக அமைந்த பாசறைப் பகுதியை ஆங்கிலப் படையினர் ‘லைன்ஸ்’ என்றனர். விடியுமுன் தொழிலாளர் கூடிப் பெயர் கொடுக்கும் இடத்தைத் தோட்டத்தார் பெரட்டுக்களம் என்றனர். பெரட்டு என்பது படை அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேடு’தான். ஆகத் தொழிலாளி உறங்கியதும் பாசறைச் சொல்லில், எழுந்து நின்றதும் பாசறைச் சொல்லில். தோட்டத்தை எந்த மாதிரியில் அமைத்தனர் என்பதற்கு வரலாற்று ஆவணங்களைத் தேடிச் செல்லவே தேவையில்லை. கிழவர்களின் பேச்சே சான்று. பாசறைக்கும் தோட்டத்திற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பாசறையில் படைவீரன் சில காலம் தங்குவான். லயத்தில் மூன்று தலைமுறை பிறந்து இறந்தது. பழைய லயங்கள் தூண்மேல் எழுப்பிய நெடிய கொட்டகைகள். முதுகோடு முதுகு ஒட்டிய அறைகள். மேலே அத்தாப்புக் கூரை, பின்னாளில் துத்தநாகத் தகடு. இலங்கையில் ஓர் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி என்பது பலரும் எழுதிவைத்த கணக்கு. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்ச அளவுகளை வகுத்த சட்டம் மலேசியாவில் 1966இல் வந்தது. அதனினும் விரிந்த சட்டம் 1990இல் வந்தது.

மலாக்காத் தமிழருக்கு இன்னொரு லைனும் உண்டு. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு 1905இல் ஒரு கிளை ரயில்பாதை திறக்கப்பட்டது. 1942 ஜனவரியில் ஜப்பானியர் மலாக்காவைப் பிடித்தனர். அவர்கள் ஆட்சியில் அப்பாதை பெயர்க்கப்பட்டது. தண்டவாளங்கள் சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டு போகப்பட்டன என்பர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. அதற்காகத் தோட்டந்தோட்டமாக ஆள் பிடித்தனர். லயத்திலிருந்து ஆளும், ஊரிலிருந்து இரும்பும் ஒரே திசையில் போயின. இரும்பும் திரும்பவில்லை, ஆட்களில் பல்லாயிரவரும் திரும்பவில்லை. மலாக்கா நகருக்கு ரயில் இன்றளவும் இல்லை. இப்பக்கத்தார் ரயில் ஏறப் புலாவ் செபாங்கிற்கே செல்கின்றனர். ‘லைன்’ என்ற சொல்லின் இரு பொருள்கள், குடியிருப்பும் தண்டவாளமும், இவ்வாறு ஒரே மக்களின் வாழ்வில் முட்டிக்கொண்ட இடம் மலாக்காவைப்போல் வேறு பல இல்லை. ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவலும் அ. ரெங்கசாமி எழுதிய ‘நினைவுச் சின்னம்’ நாவலும் அந்த ரயில்பாதையை மலேசியத் தமிழ் இலக்கியத்தில் நிறுத்தியிருக்கின்றன. பெயர்த்தெடுத்த தண்டவாளத்தின் பக்கமிருந்து, மலாக்காவின் வெற்றுப் பாதையிலிருந்து ஒரு நாவல் எழுதுவதற்கு இன்னும் இடமிருக்கிறது.

இலக்கியத்திற்கு வந்துவிட்டமையால் குறையையும் கூறிவிடலாம். லயம் என்ற சொல் மலேசியத் தமிழ்ச் சிறுகதையில் பெரும்பாலும் சோகத்தின் முத்திரையாகத் தேய்ந்துவிட்டது. கதையின் முதற்பத்தியில் ஒழுகும் கூரை, இரண்டாம் பத்தியில் கள்ளுக்கடையிலிருந்து தள்ளாடி வரும் தந்தை, மூன்றாம் பத்தியில் இருமும் தாய். மூன்றும் தோட்டத்தில் இருந்தவையே, பொய்யில்லை. ஆனால் எழுத்தாளர் லயம் என்று எழுதிய மாத்திரத்தில் வாசகர் இரக்கத்திற்கு ஆயத்தமாகிவிடுகிறார். அதன்பின் எழுத்தாளர் எதையும் கண்டு எழுத வேண்டியதில்லை. லயத்தின் மெல்லிய பலகைச் சுவர்கள் வழியே அடுத்த வீட்டுச் சண்டை கேட்கும், பிள்ளைக்குச் சொல்லும் கதை கேட்கும், யார் வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை என்பதும் கேட்கும். அதைக் கேட்டுச் சுவரின் இப்புறத்திலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு அப்புறம் போகும். அந்தரங்கம் என்பதே இல்லாத வாழ்வு தந்த துன்பமும் துணையும் ஒன்றாகவே இருந்தன. இவ்விரண்டையும் சேர்த்து எழுதிய கதைகள் நிற்கின்றன. இருமலை மட்டும் எழுதிய கதைகள் போட்டி முடிந்ததும் மறக்கப்படுகின்றன.

இலங்கை மலையக இலக்கியத்தின் இரு நூற்பெயர்களை அருகருகே வைத்துப் பார்த்தல் பயன்தரும். தி. ஞானசேகரனின் நாவலுக்கு ‘லயத்துச் சிறைகள்’ என்று பெயர். சி. வி. வேலுப்பிள்ளையின் நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயர். முதற்பெயர் லயத்தை ஒன்றோடு ஒப்பிட்டு நேரே சொல்லிவிடுகிறது. ஐயத்திற்கு இடமில்லை, ஆகையால் சிந்தனைக்கும் இடம் குறைவு. இரண்டாம் பெயரில் லயம் என்ற சொல்லே இல்லை. ஆனால் தலைக்கு மேல் கூரையுள்ள ஒருவனை வீடற்றவன் என்று அழைத்த அளவில், லயம் எது, வீடு எது என்ற வினா தானே எழுந்துவிடுகிறது. நூல்களின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு அன்று இது, பெயர்களைப் பற்றியதே. இவ்வகையில் இரண்டாம் பெயரே ஆழமானது. புதுமைப்பித்தன் இலங்கைக்குப் போகாமலே ‘துன்பக்கேணி’யை எழுதினார். போகாதவரால் எழுத முடிந்தது என்பது அவர் ஆற்றல். ஆனால் லயத்திலேயே பிறந்தவர்கள், போகாதவர் கண்ட அளவோடு நின்றுவிட வேண்டியதில்லை.

மலாக்கா நகரின் விளிம்பில் இருக்கும் புக்கிட் காத்தில் என்ற ஊரை எடுத்துக்கொள்ளலாம். மலாய்மொழியில் காத்தில் என்றால் கட்டில். அதுவும் தமிழ்க் கட்டிலே. கப்பல் கபால் ஆனது போலவும், கடை கெடாய் ஆனது போலவும், பெட்டி பெத்தி ஆனது போலவும் முற்காலத்தில் கடல் கடந்து போன சொல். அதைத் தமிழர் திரும்பக் கேட்கவுமில்லை, மலாய்க்காரர் திருப்பித் தரவேண்டும் என்று எண்ணவுமில்லை. மலாய்ப் பெண் ஒருத்தி கட்டிலில் படுக்கும்போது கடன்வாங்கிய சொல்லில் படுத்திருப்பதாக நினைப்பாளா? சொற்கள் போன வழியை ஏற்றுக்கொள்ளும் தமிழர், வந்த வழியை மட்டும் இழிவாகக் கருதுவது ஒருதலை நீதி. இம்மாநிலத்தில்தான், புக்கிட் லிந்தாங்கில், 1890களில் தான் சாய் யான் வணிகநோக்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. லயங்கள் அதன் பின்னே வந்தன.

அந்த லயங்கள் இப்போது போய்க்கொண்டிருக்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் நகரை அண்டிய இடங்களில் வீடமைப்புப் பகுதிகளுக்கு வழிவிட்டது. புக்கிட் காத்தில், ஆயர் கெரோ, டுரியான் துங்கல் வட்டாரத்தில் இன்று கண்ணில் படுவன தாமான்களே. தோட்டத் தொழிலாளரின் பேரன் தாமானில் தெரஸ் வீட்டில் இருக்கிறான். அந்த வீட்டைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், ஒரே கூரை, ஒட்டிய சுவர்கள், ஒரே அளவான முகப்புகள், வரிசை எண்கள் ஆகிய எல்லாம் தெரிகின்றன. அமைப்பால் அதுவும் லைன்தான். அவனை லயத்தில் இருக்கிறாய் என்று சொன்னால் சண்டைக்கு வருவான். வரவும் வேண்டும். மாதந்தோறும் வங்கிக் கடன் கட்டுகிறான்; கடன் முடிந்தால் நிலப்பத்திரம் அவன் கையில். லயம் என்பதன் பொருள் கட்டடத்தின் வடிவத்தில் இருந்ததில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. தொடர் வீடு என்ற தூய சொல் தாமான் வீட்டிற்கே பொருந்துகிறது, அங்கே வைத்துக்கொள்ளட்டும்.

இதில் இழப்பும் இருக்கிறது. வகுப்பில் லயத்தைப் பற்றிய பாடமோ கதையோ வரும்போது மாணவர் பொருள் கேட்கின்றனர். அகராதியைத் திறந்தால் தாளம் வருகிறது, ஒடுக்கம் வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதி தமிழகத்து நூல்களையும் வழக்குகளையுமே பெரிதும் நோக்கித் தொகுக்கப்பட்டது. கடல் கடந்த தோட்டத்துச் சொற்களை அதனிடம் எதிர்பார்த்தல் முறையன்று. மலேசியத் தமிழர் தாமே தொகுத்திருக்க வேண்டிய சொற்கள் அவை. லயம், லயத்துக்காடு, பெரட்டு, நிரை, ஆயாக்கொட்டகை, ஒட்டுப்பால், ஸ்டோர் ஆகிய ஒவ்வொன்றையும் பயன்படுத்தியவர் இன்னும் இருக்கின்றனர். அவருள் பெரும்பாலோர் எழுபதைக் கடந்தவர். ‘ஸ்டோர்’ என்ற ஒன்றையே பாருங்கள். சென்னையில் அது பல குடித்தனங்கள் அடைந்திருக்கும் கட்டடம். மலேசியத் தோட்டத்தில் பால் நிறுத்துக் கொடுக்கும் இடம். தமிழகத்து வாசகர் மலேசியக் கதையைப் படித்துவிட்டு, பாத்திரங்கள் ஏன் பால் வாளியோடு குடித்தன வீட்டுக்குப் போகின்றன என்று குழம்பினால் அவரைக் குறைசொல்ல இயலாது. கதைக்கு அடியில் இரண்டு வரிக் குறிப்பு எழுதாத பதிப்பாசிரியரைச் சொல்லலாம்.

வினை எளியது. தோட்ட வாழ்வைப் பற்றிய தொகுப்புகளை வெளியிடுவோர், சொற்பட்டியல் ஒன்றை இறுதியில் சேர்க்கட்டும். அதில் லயம் என்ற சொல்லுக்கு எதிரே ‘வரிசை வீடு’ என்று மட்டும் எழுதி முடித்துவிட வேண்டாம். தோட்டத் தொழிலாளர்க்கு வேலை உள்ளவரை நிருவாகம் தந்த குடியிருப்பு என்று எழுதட்டும். மற்றொரு பெயருக்கு அடையாக வரும்போது லயத்து என்று திரியும் என்பதையும், இசையைக் குறிக்கும் லயம் வேறு என்பதையும் சேர்க்கட்டும். இளைய எழுத்தாளர் அச்சொல்லை எழுதுமுன் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஒருமுறை கேட்கட்டும்: லயத்தில் எத்தனை குடும்பம், குழாய் எந்தப் பக்கம், விளக்கு எத்தனை மணிக்கு அணைப்பார்கள், கடைசி வீட்டில் யார் இருந்தார்கள்?